படத்தில் ஆட்களைக் கண்டுபிடித்துச் சுற்றிலும் பெட்டி போடும் ஏஐ மாடலில் ஒரே ஆளுக்கு நாலு பெட்டி வருகிறது, என்எம்எஸ் த்ரெஷோல்டைக் (வரம்பை) குறைத்தால் பக்கத்து ஆள் காணாமல் போகிறார். எப்படி வடிகட்டுவது?

முதலில் என்எம்எஸ்-ஐ, அதாவது ஒன்றன்மேல் ஒன்று விழும் உபரிப் பெட்டிகளை நீக்கும் வடிகட்டியை, நிறுத்திவிட்டு, மாடல் கொடுக்கும் எல்லாப் பெட்டிகளையும் ஒரு படத்தில் வரைந்து பாருங்கள். திரை முழுக்கக் கிறுக்கல் மாதிரி இருக்கும், பரவாயில்லை. காணாமல் போன அந்த ஆளுக்குப் பெட்டி இருக்கிறதா, இல்லையா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இதைச் செய்யாமல் இரண்டு வாரத்தை வீணாக்கியவன். பைக்கில் வருபவர்கள் ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை அது. கேமரா சிக்னலில், வண்டிக்கு நேர் எதிரே. ஓட்டுபவர் அழகாகப் பெட்டிக்குள் வந்துவிடுவார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டும் வரவே மாட்டார். மாடலுக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்து, இன்னும் படங்களை லேபிள் செய்து திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு நாள் சலிப்பில் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் இருப்பவர் 0.8 ஸ்கோரோடு (1-க்கு மாடலின் நம்பிக்கை அளவு) கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். மாடல் அவரைப் பார்த்திருக்கிறது. தூக்கிப் போட்டது நான்.

என்எம்எஸ் செய்வது ரொம்பச் சின்ன வேலை. பெட்டிகளை ஸ்கோர்படி வரிசைப்படுத்தும். முதல் பெட்டியை வைத்துக்கொண்டு, அதோடு அளவுக்கு மீறி மேலே விழும் மற்றவற்றை அழிக்கும். மிச்சத்தில் அடுத்த பெரிய ஸ்கோர், மறுபடி அதே வேலை. எவ்வளவு மேலே விழுகிறது என்பதுதான் ஐஓயு: இரண்டுக்கும் பொதுவான பரப்பை, இரண்டும் சேர்ந்து அடைக்கும் மொத்தப் பரப்பால் வகுப்பது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஓட்டுபவரின் பெட்டி 60 பிக்சல் அகலம், 180 உயரம். பின்னால் இருப்பவருக்கும் அதே அளவு, 20 பிக்சல் மட்டும் வலப்பக்கம் தள்ளி. பொதுப் பரப்பு 40 × 180, அதாவது 7,200. மொத்தம் 14,400. ஐஓயு 0.5. யோலோ வி5 என்ற பிரபலமான மாடலின் டிடெக்ட் ஸ்கிரிப்டில் இயல்பாக இருக்கும் வரம்பு 0.45, ஆகவே பின்னால் இருப்பவர் காலி. வரம்பை 0.6 ஆக்கினால் அவர் பிழைப்பார். ஆனால் ஓட்டுபவருக்கே வந்த, ஐஓயு 0.55 உள்ள இரட்டைப் பெட்டியும் கூடவே பிழைத்துவிடும். நீங்கள் செய்ததுபோல வரம்பைக் குறைத்துக்கொண்டே போவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. கூட்டம் நெருக்கியடிக்கும் படத்தில் இரண்டு பக்கமும் சரியாக வரும் ஒரு எண் கிடைக்காது, தேடாதீர்கள்.

2017-இல் வந்த சாஃப்ட் என்எம்எஸ் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும். அது பெட்டியை அழிக்காது, ஸ்கோரைக் குறைக்கும். எளிய வகையில் ஸ்கோரை (1 − ஐஓயு)-வால் பெருக்குவார்கள். பின்னால் இருப்பவரின் 0.8, பாதியாகி 0.4 ஆகும். ஐஓயு 0.8 உள்ள அப்பட்டமான இரட்டைப் பெட்டிக்கு அதே 0.8 ஸ்கோர் 0.16 ஆகிவிடும். ஸ்கோர் வரம்பு 0.25 என்றால் ஒன்று நிற்கும், மற்றது விழும்.

ஆனால் என் வேலையைத் தீர்த்தது அதுவும் இல்லை. ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுத் தலையைத் தேடினேன். இரண்டு உடம்பு ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவுக்கு இரண்டு தலைகள் விழாது. க்ரௌட்ஹியூமன் தரவுத்தொகுப்பில் ஒவ்வொருவருக்கும் முழு உடல், கண்ணுக்குத் தெரியும் பகுதி, தலை என்று மூன்று பெட்டி குறித்திருக்கிறார்கள். கூட்டத்தை எண்ணுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அங்கிருந்து தொடங்கலாம்.

உங்களுக்கு மிஞ்சுகிற பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றனவா? அது வேறு நோய். 60 × 180 பெட்டிக்குள் தலையும் தோளுமாக 60 × 70 பெட்டி இருந்தால், முழுக்க உள்ளே இருந்தும் ஐஓயு 0.39-தான். தப்பித்துவிடும். பொதுப் பரப்பைச் சின்னப் பெட்டியின் பரப்பால் வகுத்தால் 1 வரும், பிடித்துவிடலாம். அம்மா இடுப்பில் இருக்கும் குழந்தையும் அதே கணக்கில் மாட்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரே வண்டிக்கு காரென்று ஒரு பெட்டி, லாரியென்று ஒரு பெட்டி வந்தால், என்எம்எஸ் வகை வகையாகத் தனித்தனியே ஓடுகிறது என்று அர்த்தம். வகை பாராமல் ஓடும் அமைப்பை இயக்கிவிடுங்கள், போதும்.

கடைசியாக ஒன்று, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஓபன்சிவி, டார்ச்விஷன் இரண்டும் என்எம்எஸ்-ஐத் தயாராகத் தரும் நிரல் நூலகங்கள். ஓபன்சிவி-யின் என்எம்எஸ் இடது மேல் மூலை, அகலம், உயரம் என்று கேட்கும். டார்ச்விஷன் இரண்டு மூலைகளைக் கேட்கும். நான் முன்னதற்கு மூலைகளைக் கொடுத்திருக்கிறேன். (500, 300) முதல் (560, 480) வரையான பெட்டியை அது 560 அகலம், 480 உயரம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லாமே எல்லாவற்றின் மேலும் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது.

2020-இல் டெட்டர், 2024-இல் யோலோ வி10 என்று என்எம்எஸ் தேவைப்படாத மாடல்களும் வந்துவிட்டன. இருக்கிற மாடலை மாற்ற முடியும் என்றால் முயன்று பாருங்கள். முடியாது என்றால், காணாமல் போகிற ஆளின் பெட்டி, அவரை விழுங்குகிற பெட்டி, இரண்டின் நான்கு எண்களையும் ஸ்கோரையும் கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.