பழைய 1000 மி.மீ. லென்ஸில் எடுக்கும் படமெல்லாம் மங்கலாக வருகிறது, விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். அனேகமாக நீங்கள் வெயில் ஏறிய பிறகு, தொலைவில் இருக்கும் பறவையைத்தான் எடுத்திருப்பீர்கள். படத்தைப் பார்த்த யாரோ "பழைய கண்ணாடி அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சோவியத் காலத்து எம்.டி.ஓ. 1000 மி.மீ. மிரர் லென்ஸ். 1941-இல் சோவியத் ஒளியியலாளர் மக்சுதோவ் உருவாக்கிய தொலைநோக்கி அமைப்புதான் உள்ளே இருப்பது. ஒளி இரண்டு ஆடிகளில் பட்டு மடங்கி வருவதால்தான் 1000 மி.மீ. என்ற அவ்வளவு குவியத்தூரம் ஒரு குட்டைக் குழாயில் அடங்குகிறது. அதில் நண்பகலில் ஒரு பருந்தை எடுத்தேன். இறகு எது, நிழல் எது என்றே தெரியவில்லை. மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் அதே ட்ரைபாட், அதே கேமரா, அதே மரம். இறகின் ஓரம்கூடப் பிரிந்து தெரிந்தது. நடுவில் மாறியது காற்று மட்டும்தான். சூடான தரையிலிருந்து எழும் காற்று அலையும்போது எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. மிரர் லென்ஸுக்குள்ளேயும் காற்று அடைபட்டிருக்கிறது. குளிர்ந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் அரை மணி நேரமாவது சும்மா வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

அடுத்தது அதிர்வு. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மின்தொடர்பு இல்லாததால் குவியத்தூரம் என்னவென்று கேமராவுக்குத் தெரியாது. கையில் பிடித்து எடுக்கும்போது கேமராவின் உள்நிலைப்படுத்தியில் (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு) 1000 என்று நீங்களே பதிய வேண்டும். ட்ரைபாடில் அதை அணைத்துவிடுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், இரண்டு விநாடி டைமர் வையுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபடி ஃபோகஸ் வளையத்தைத் தொட்டால் படமே நடுங்கும். அது அடங்கும்வரை காத்திருப்பதுதான் இந்த லென்ஸின் பாதி வேலை.

"நவீன 600 மி.மீ. ஆட்டோஃபோகஸ் முன்னால் இது நிற்குமா?" என்று கேட்க யாராவது வருவார்கள். பறக்கும் பறவைக்கு அதுதான் சரி, நான் மறுக்கவில்லை. இதில் ஒளித்துளை எஃப் 10-இலேயே நிலையானது, வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் கேள்வி அதுவல்லவே. அமர்ந்திருக்கும் பறவைக்கும் நிலாவுக்கும் இது போதும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் 24 மி.மீ. உயரத்தில் நிலா சுமார் 9 மி.மீ. அகலத்துக்கு விழும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு போட்டிக்கு அனுப்பிய என் படத்தை, கேமரா படத்தோடு பதியும் எக்ஸிஃப் தகவலில் குவியத்தூரம் பூஜ்யம் என்று இருப்பதால் திருத்தப்பட்டது என்று நிராகரித்தார்கள். மின்தொடர்பில்லாத லென்ஸில் வேறென்ன வரும்? பின்னணியில் தெரிந்த வெளிச்ச வளையங்கள் கணினியில் சேர்த்தவையாம்! மிரர் லென்ஸின் நடுவில் ஆடி மறைப்பதால் ஃபோகஸில் இல்லாத ஒளிப்புள்ளி வளையமாகத்தான் விழும். கேமராவிலிருந்து வந்த, திருத்தாத ரா கோப்பை அனுப்பினேன், பதிலே இல்லை. தீர்ப்பு சொல்ல உட்காருகிறவர்களுக்கு இந்த அடிப்படையாவது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, உங்கள் லென்ஸுக்கு வருவோம். மிரர் லென்ஸாக இருந்தால், உச்சியில் இருக்கும் ஒரு விண்மீனைச் சட்டத்தின் நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் விலக்குங்கள். வளையத்தின் இருண்ட துளை நட்டநடுவில் இருந்தால் ஆடிகள் சரியாக இருக்கின்றன. துளை ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், ஆடி சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களாகத் திருகைத் தொட வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகு விற்பதாக இருந்தால், பின்பக்க ஃபில்டரைக் கழற்றி வைத்துக்கொள்ளாமல் சேர்த்தே கொடுங்கள். பல மிரர் லென்ஸ்களில் அது ஒளியியல் அமைப்பின் ஒரு பகுதி. வாங்குபவருக்காவது ஃபோகஸ் ஒழுங்காகக் கிடைக்கட்டும்.