மழையில் மூன்று சிகரங்கள்: வேனோடு காத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் ஒரு தொண்டுக்கு நிதி திரட்ட, 24 மணி நேரத்தில் மூன்று சிகரங்கள் ஏறும் சவாலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வேன் ஓட்டுவதும் சாப்பாடு பார்ப்பதும் என் பொறுப்பு. ஜூன் மாதம்தான், ஆனாலும் அந்த வாரம் முழுக்க மழை என்கிறார்கள். எதையெல்லாம் எடுத்து வைக்கட்டும்?

பதில்: சாமான் பட்டியலை அப்புறம் போடலாம். முதலில் உங்கள் தூக்கத்துக்கு வழி பாருங்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் (1,345 மீட்டர்), இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக் (978), வேல்ஸின் ஸ்னோடன் (1,085) மூன்றையும் இணைக்கும் சாலை சுமார் 740 கிலோமீட்டர். நல்ல வானிலையிலேயே பத்து மணி நேரம் அதற்குப் போய்விடும். ஏறுகிறவர்கள் வேனில் தூங்கிக்கொள்வார்கள், நீங்கள்? மலை ஏறாத இன்னொரு டிரைவர் கட்டாயம் வேண்டும். ஆறும் இரண்டும் எட்டு. ஒன்பது சீட் வேன் போதும், அதைப் பிரிட்டன் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம்.

அடுத்தது ஈரம். பென் நெவிஸ் உச்சியின் ஆண்டு சராசரி வெப்பநிலையே பூஜ்யத்தை ஒட்டித்தான். நனைந்த உடம்பில் காற்று அடித்தால் ஜூனிலும் உடல் விறைத்துப்போகும். அதனால் ஒவ்வொரு மலைக்கும் ஒரு முழு செட் உலர்ந்த உடை, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பையில், பெயர் எழுதி வையுங்கள். நனைந்த ஷூ ஐந்து மணி நேரப் பயணத்தில் காயாது, இரண்டாவது ஜோடி தேவை. ஜீன்ஸ், பருத்திச் சட்டையோடு ஒருவரையும் மேலே அனுப்பாதீர்கள்.

இறங்கி வருகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். நாக்கு குழறினால், கால் தடுமாறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், அது வெறும் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஈர உடையைக் கழற்றி, தலையையும் மூடி, தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். பிராந்தி வேண்டவே வேண்டாம். அவருக்கு அடுத்த மலை கிடையாது.

எனக்கு அதிகம் கவலை தருவது ஸ்காஃபெல் பைக். உயரம் குறைவு என்று அலட்சியப்படுத்துவார்கள். ஆனால் பெரும்பாலும் அதை இருட்டில்தான் ஏற வேண்டிவரும். வாஸ்டேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் பாதை லிங்மெல் கில் என்ற ஓடையைக் கடக்கிறது; கனமழையில் அது ஆளை இழுத்துப்போகும் வேகத்தில் ஓடும். தண்ணீர் பொங்கினால் திரும்பி வருவது என்று புறப்படும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஓடைக் கரையில் நின்று ஓட்டெடுப்பு நடத்தக்கூடாது. அந்தப் பள்ளத்தாக்கில் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. யார் போகிறார்கள், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது காகிதத்தில் உங்களிடம் இருக்கட்டும். அந்த நேரம் தாண்டியும் ஆள் வராவிட்டால் அவசர எண் 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். பக்கத்தில் எங்கே போன் கிடைக்கும் என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். ஊர் உறங்கும் நேரம் அது, வேன் இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

ஸ்னோடனில் பிக் பாதையில் போகிறவர்கள் மூடுபனியில் வழி தவறி, கிரிப் கோச் என்ற கத்திமுனை போன்ற மேட்டில் ஏறிவிடுவதுண்டு. மழை நாளில் லான்பெரிஸ் பாதையைச் சொல்லுங்கள். நீளம் கூடுதல், குழப்பம் குறைவு. பிக் பாதை தொடங்கும் பென்-ய்-பாஸில் கார் நிறுத்த, சீசனில் முன்பதிவு வேண்டும். லான்பெரிஸ் பாதையில் போனால் அந்தத் தலைவலியும் இல்லை.

கடைசியாக, அந்த 24 மணி நேரம். மழையில் ஆட்களை விபரீதத்தில் தள்ளுவது பெரும்பாலும் அந்தக் கடிகாரம்தான். என்னைக் கேட்டால், வானிலை மோசம் என்று தெரிந்த உடனே நன்கொடையாளர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடச் சொல்வேன்: "மூன்று மலை, எத்தனை மணி நேரம் ஆனாலும்." அதற்காக யாரும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். பயணத்தை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று ஆறு பேரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளட்டும். ஸ்னோடன் முடிந்த அன்று வீட்டுக்கு வண்டி ஓட்ட வேண்டாம், லான்பெரிஸிலேயே அறை போட்டுவிடுங்கள்.