கேள்வி – பதில்: ஒளியும் கிருபையும்

கேள்வி: “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்” என்று இயேசு எந்தச் சூழலில் சொன்னார்?

யூதர்களின் கூடாரப் பண்டிகையின்போது. யோவான் 7:2-ல் பண்டிகை நெருங்குகிறது. 8:12-ல் இந்த வசனம் வருகிறது. இடையிலுள்ள 7:53–8:11 மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. அதைத் தாண்டி வாசித்தால் தொடர்ச்சி பளிச்சென்று தெரியும். அப்பண்டிகை இரவுகளில் எருசலேம் தேவாலயத்தின் பெண்கள் முற்றத்தில் பொன் விளக்குத்தண்டுகளை ஏற்றுவார்கள் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு கிண்ணங்கள், ஏறுவதற்கு நான்கு ஏணிகள், எண்ணெய் 120 லோக் (பழைய எபிரெய முகத்தல் அளவு). திரிகள் ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்துத் திரித்தவை. எருசலேமில் அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லையாம். இயேசு பேசியது காணிக்கைப் பெட்டிகள் இருந்த இடத்தில் (8:20). அவை இருந்ததும் அதே முற்றம்தான்.

கேள்வி: இரட்சிப்பு கிருபையினால் என்கிறார் பவுல். ஆனால் விசுவாசிப்பதும் நாம் செய்கிற ஒரு கிரியைதானே? யாக்கோபும் கிரியை வேண்டும் என்கிறாரே?

எபேசியர் 2:8-ல் “இது தேவனுடைய ஈவு” என்கிறோமே, அந்த ‘இது’ எதைச் சுட்டுகிறது? தமிழில் எதையும் சுட்டலாம். கிரேக்கத்தில் கிருபை, விசுவாசம் இரண்டும் பெண்பாற்சொற்கள். ‘இது’ என்ற சொல் பெண்பால் அல்ல. ஆகவே கிருபையால், விசுவாசத்தின் வழியாக இரட்சிக்கப்பட்டது முழுவதையுமே ஈவு என்கிறார். விசுவாசம் விலை அல்ல, ஏந்தும் கை. யோவான் 9-ல் பிறவிக் குருடர் பார்வை கேட்கவே இல்லை; இயேசுதான் அவரைக் கண்டார். அந்தக் குருடர் சீலோவாம் குளத்தில் கழுவினார் என்பது உண்மை. கழுவியதற்குக் கூலியாகவா கண் திறந்தது?

பலர் தடுமாறுவது எபேசியர் 2:9-உடன் நிறுத்திவிடுவதால். பத்தாம் வசனம் நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகமம் 15:6-ஐத்தான் பவுலும் யாக்கோபும் மேற்கோள் காட்டுகிறார்கள். அப்போது ஆபிரகாமுக்கு விருத்தசேதனம்கூட ஆகவில்லை (அது 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில்) என்பது பவுலின் வாதம். அந்த விசுவாசம் உயிருள்ளது என்று ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த 22-ஆம் அதிகாரத்தில் தெரிந்தது என்பது யாக்கோபின் வாதம். வரிசையை மாற்றினால்தான் இருவரும் மோதுவார்கள்.

கேள்வி: கத்தோலிக்கர் ‘அருள்’ என்பது வேறா?

இல்லை. இரண்டுமே ‘காரிஸ்’ என்ற கிரேக்கச் சொல்தான். பழைய மொழிபெயர்ப்பில் கிருபை, 1995 பொது மொழிபெயர்ப்பில் அருள். அருளால்தான் நீதிமானாக்கப்படுகிறோம் என்று கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்டுள்ளன.