சீனச் செப்புக் காசுக்கும் ரொக்கப் பணத்துக்கும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்ற ஒரே பெயர் இருப்பது ஏன்? சீன மொழி பேசும் மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது?

இவை எழுத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வெவ்வேறு சொற்கள் என்று மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். சிங்கப்பூரில் சீனாவிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வரலாற்று நூலில் ‘மூவாயிரம் கேஷ்’ என்று வரும் இடத்தை ரொக்கம் என்று பொருள்படும் ‘சியென்ஜின்’ ஆக்கிவிட்டு அவர்கள் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே வர வேண்டியது செப்புக் காசைக் குறிக்கும் ‘தோங்ச்சியென்’.

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு அல்லது இத்தாலிய மொழி வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது பணப்பெட்டியையும் குறித்தது. நாளடைவில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது.

நாணயப் பெயரான கேஷின் கதை வேறு. சோழர் கல்வெட்டுகளிலேயே காணப்படும் நம் ‘காசு’, போர்த்துகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, ஆங்கிலேயரிடம் கேஷ் ஆனது. சில அகராதிகள் இன்னும் பின்னே சென்று, ‘கர்ஷம்’ என்ற வடமொழி எடைப் பெயரைக் காசுக்கு மூலமாகக் காட்டுகின்றன. போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் ‘காய்ஷா’ என்றே பெயர் என்பதால், குழப்பம் ஆங்கிலத்துக்கு வருமுன்பே தொடங்கிவிட்டது எனலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் 80 கேஷ் ஒரு ‘பணம்’ (அக்கால நாணயம் ஒன்றின் பெயர்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதே பெயரைத்தான் ஐரோப்பிய வணிகர்கள் சீனாவின் சிறு நாணயத்துக்கும் சூட்டினார்கள். வட்டமான செப்புத் தகடு, நடுவே சதுரத் துளை, துளையைச் சுற்றி நான்கு எழுத்துகள்: தாங் அரசு கி.பி. 621இல் வெளியிட்ட ‘காய்யுவான் தோங்பாவ்’ காசில் அவற்றை மேல், கீழ், வலம், இடம் என்ற வரிசையில் படிக்க வேண்டும். துளையில் கயிறு கோத்து, ஆயிரம் காசை ஒரு சரமாக எண்ணினார்கள். மாணவர்கள் இந்தக் காசை நன்கு அறிவார்கள். அதன் ஆங்கிலப் பெயர் தமிழிலிருந்து போனது என்று சொன்னால்தான் வியக்கிறார்கள்.

இன்றைய பயன்பாட்டில் அவர்கள் இடறுவது வேறு இடத்தில். ரொக்கம் எண்ணப்படும் பொருளன்று; ஆகவே ‘எ கேஷ்’ என்பதும் ‘மெனி கேஷஸ்’ என்பதும் பிழை. சீன வாக்கிய அமைப்பை ஒட்டி ‘யூஸ் கேஷ் டு பே’ என்கிறார்கள். அது இலக்கணப் பிழையன்று, ஆனால் கடையில் இயல்பாக ஒலிப்பது ‘பே இன் கேஷ்’ அல்லது ‘பே கேஷ்’ என்பதே. காசோலையைப் பணமாக்குவதைச் சொல்லும்போது இச்சொல் வினையாகவும் வரும். அதற்குச் சீனத்தில் ‘துய்சியென்’ என்ற நேர்ச்சொல் இருப்பதால் விளக்கம் தேவைப்படுவதில்லை. கணக்கியலிலோ, கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் கேஷ்தான். ‘கேஷ்’ கொடுத்து வீடு வாங்கினார் என்றால் கடன் வாங்காமல் வாங்கினார் என்று பொருள். நோட்டுக் கட்டுகளைச் சுமந்து போனார் என்பதன்று.

காசாளரைக் குறிக்கும் ‘கேஷியர்’ பெட்டியின் வழி வந்தது. ஆனால் படையிலிருந்து அவமதித்து நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினை, உடைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வேரிலிருந்து டச்சு வழியாக வந்தது. மேல்நிலை மாணவர்களுக்கு மட்டும் அதைச் சொன்னால் போதும்.