வேலையை விடாமல் இசையில் பெரிய ஆளானவர் யாராவது உண்டா?

கேட்டவர் தனக்கு அலுவலக வேலை என்றும், இசைக்காக அதை விட்டுவிடலாமா என்றும் எழுதியிருந்தார். வீட்டில் சண்டை நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நடக்கும், எனக்குத் தெரியும்.

நான் இருப்பது டென்மார்க்கில், யூட்லண்ட் பக்கம். கிழமை நாட்களில் சம்பளக் கணக்கு, ஞாயிறு காலையில் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் ஓர்கன். பழகத் தொடங்கியதே 38 வயதில்தான். இரண்டாம் வருடமே தலைக்கு ஏறிவிட்டது. வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. ஓர்கன் ஆசிரியரிடம் மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்தும் பார்க்காமல், "ஹார்ட்மன் விடவில்லையே" என்றார்.

யார் ஹார்ட்மன்? வீட்டுக்குப் போய்த்தான் தேடினேன். யோஹான் பீட்டர் எமிலியுஸ் ஹார்ட்மன், 1805இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். தாத்தா இசையமைப்பாளர். அப்பா கர்னிசன் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். இசைக்காரன் பிழைப்பு எப்படியென்று அந்த அப்பாவுக்கு நன்றாகத் தெரியும், அதனால் மகனைச் சட்டம் படிக்க வைத்தார். (நம்முடைய அப்பாமார் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.) மகன் 19 வயதில் அப்பாவின் ஓர்கன் கதிரையில் ஏறினார், சட்டத்தையும் படித்து முடித்தார், 1829இல் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தார். 1870 வரை அதை விடவில்லை. 41 வருடம்!

சும்மா கோப்பு புரட்டிக்கொண்டிருந்தாரா என்றால் இல்லை. 1843இல் வோர் ஃப்ரூ தேவாலயத்துக்கு, அதாவது தலைநகரின் தலைமைத் தேவாலயத்துக்கு, ஓர்கன்காரர் ஆனார். அங்கே நிற்கும் கிறிஸ்துவும் பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் தோர்வல்ட்சன் என்ற சிற்பியின் வேலை. அடுத்த வருடம் அவர் இறந்தபோது அடக்கத்துக்கு இசை எழுதியது ஹார்ட்மன். 1846இல் 'லிடன் கிர்ஸ்டன்' ஓபரா வந்தது. அதற்குக் கதை வரிகள் எழுதியவர் நம் பிள்ளைகளும் படிக்கிற கடற்கன்னிக் கதையின் ஆண்டர்சன். 1854இல் மருமகன் நீல்ஸ் கேதெயோடு சேர்ந்து ஒரு பாலே. நடு அங்கம் மாமனாருடையது, முதலும் மூன்றும் மருமகனுடையவை. மூன்றாம் அங்கத்து வால்ஸ் நடன இசையைத்தான் இன்றைக்கும் இங்கே கல்யாணங்களில் நள்ளிரவுக்கு முன் போடுவார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஆட, சுற்றி நிற்பவர்கள் கை தட்டிக்கொண்டே நெருங்கி வருவார்கள். மாமனாரின் நடு அங்கத்தை எந்தக் கல்யாணத்திலும் யாரும் கேட்பதில்லை.

ஓர்கனுக்கென்றே சொனாட்டா என்ற பெரிய இசைத் துண்டு ஒன்றும் எழுதினார். 1900இல், 94 வயதில் இறக்கும்வரை அந்தத் தேவாலயத்தின் ஓர்கன்காரர் அவர்தான்.

மூன்று தலைமுறை இசைக் குடும்பம், அவருக்கென்ன என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அவருடைய அலுவலகத்தில் மாதக் கடைசி எப்படி இருந்ததோ, என்னுடையதில் மூச்சு விட முடியாது. கேதெயையும் இழுப்பீர்கள்: அவர் ஜெர்மனியின் லைப்சிக் போய் இசையமைப்பாளர் மெண்டல்சோனோடு பழகி முழுநேர இசைக்காரராகவே பெயர் எடுத்தார். சரி, அதுவும் உண்மை. வேலையை விடாதே என்று நான் சொல்லவே இல்லை. நான் ஏன் விடவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கடிதம் லாச்சிக்குள் இருந்தபோதே ஓர்கன் தேர்வுக்குப் போனேன். கைகள் சரியாக ஓடின. காலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளில் இடது கால் ஒரு கட்டை தள்ளி விழுந்தது, அங்கிருந்து மூன்று வரி முழுக்கப் பிழை. பெயில். வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்தேன். அடுத்த வருடம் பாஸ் பண்ணினேன், அதற்குள் சம்பளமும் கூடியிருந்தது.

இப்போது என் பிரச்சினை இசையே இல்லை, ஹீட்டர். செலவைக் குறைக்கிறோம் என்று தேவாலயத்துச் சபையார் ஞாயிறுக்கு மட்டும்தான் சூடு போடுகிறார்கள். புதன்கிழமை பயிற்சிக்குப் போனால் ஜாக்கெட்டோடு வாசிக்க வேண்டும். குளிரில் குழாய்களின் சுருதியும் இறங்கிவிடுகிறது. கேட்டால், விரல் வெட்டின கையுறை போடச் சொல்கிறார்கள். ஹார்ட்மன் காலத்தில் குழாய்களுக்குக் காற்று ஊதும் துருத்தியை மிதிக்கவே தனியாக ஒரு ஆள் நின்றிருப்பான், அவனுக்காவது உடம்பு சூடாகியிருக்கும்.

நீங்கள் என்ன வாத்தியம் என்று எழுதவில்லை. ஓர்கன் என்றால் முதலில் மெல்லிய தோல் அடி வைத்த சப்பாத்து ஒன்று வாங்குங்கள். ரப்பர் அடி கட்டையில் ஒட்டும். நான் பெயிலானது அந்தச் சப்பாத்தால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.