வாசகர் கேள்வி – பதில்: அத்தைக்கு எந்த இல்லம், யார் பணம்?

கேள்வி: என் தந்தையின் தங்கைக்கு வயது 78. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. மதுரை பழங்காநத்தத்தில் தம் பெயரில் உள்ள வீட்டில் தனியாக இருந்தவர், கடந்த தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். குடும்ப ஓய்வூதியம் மாதம் 24,000 ரூபாய் வருகிறது. வங்கியில் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அழகர்கோவில் சாலைப் பக்கம் ஓர் இல்லத்தில் மாதம் 22,000 ரூபாயும் 3 லட்சம் முன்பணமும் கேட்கிறார்கள். நாகமலைப் புதுக்கோட்டை அருகே இன்னோர் இல்லத்தில் முன்பணம் இல்லாமல் 16,000 ரூபாய். உறவினர் ஒருவரோ, வீட்டைத் தம் பெயருக்கு எழுதி வைத்தால் கடைசிவரை கட்டணத்தைத் தாமே கட்டுவதாகச் சொல்கிறார். எதை ஏற்பது? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டு இல்லங்களும் உங்களிடம் சொன்ன தொகை, வாக்கர் பிடித்துத் தானே கழிவறைக்குப் போய்வரும் ஒருவருக்கானது. உங்கள் அத்தை நாளை படுக்கையில் விழுந்தால் என்ன தொகை என்பதே நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தனி உதவியாளர், டயப்பர், பிசியோதெரபி, மருத்துவர் வருகை, ஆம்புலன்ஸ் ஆகியவை மாதக் கட்டணத்தில் அடங்குமா, தனியாகச் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். நடமாட முடியாதவர்களை வைத்துக்கொள்வதில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று அப்போது கைவிரிக்கும் இல்லங்களும் உண்டு. அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அவர்கள் தரும் இரண்டாவது தொகையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். முதல் தொகை பெரும்பாலும் விளம்பரத்துக்கானது.

முன்பணத்தையும் கட்டணமாகவே கணக்கிடுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. காலாண்டுதோறும் அரசு மாற்றக்கூடிய விகிதம் என்றாலும், கணக்கு தொடங்கும் நாளில் உள்ள விகிதமே ஐந்தாண்டுக்கும் தொடரும். 8.2 சதவீதம் என்று கொண்டால் 3 லட்சத்துக்கு மாதம் 2,050 ரூபாய் வட்டி. அதை இழந்தால் 22,000 ரூபாய் இல்லம் உண்மையில் 24,050 ரூபாய் இல்லமாகிவிடும். ஓய்வூதியம் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும், மருந்துக்குக்கூட மிஞ்சாது. மாறாக, மருத்துவமனை அவசரத்துக்கு 2 லட்சத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, 8 லட்சத்தை அந்தத் திட்டத்தில் போட்டால் காலாண்டுக்கு 16,400 ரூபாய், அதாவது மாதம் ஏறத்தாழ 5,400 ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியத்தோடு சேர்த்து 29,400 ரூபாய். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டால் இன்னும் கூடும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்யவும் வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். அத்தையின் பொருள்களுக்கு ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு வேண்டும்.

கட்டணத்தில் ஜிஎஸ்டி சேருமா என்பதையும் கேளுங்கள். வருமான வரிச் சட்டப்படி பதிவுபெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயது கடந்தவருக்குத் தங்குமிடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய்க்குள் வாங்கினால் அந்த வரி கிடையாது. லாப நோக்கில் நடத்தும் நிறுவனத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஓய்வூதியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கு உதவாது. வீட்டை வங்கியில் வைத்து மாதந்தோறும் பணம் பெறும் மறு அடமானக் கடனும் உங்களுக்கு ஒத்துவராது, ஏனெனில் கடன் பெற்றவர் அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும், நிரந்தரமாக வெளியேறினால் கடன் திருப்பிச் செலுத்த வேண்டியதாகிவிடும்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது, காலை 11 மணிக்குத் துடைத்து வைத்த வரவேற்பறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்; மாலை ஏழு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள். பல் இல்லாதவருக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுக்கிறார்களா, கை நடுங்குபவருக்கு யாராவது ஊட்டிவிடுகிறார்களா, அல்லது தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும். குளியலறைத் தரையில் தண்ணீர் ஊற்றி மிதித்துப் பாருங்கள். வெஸ்டர்ன் கழிவறையின் இரு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா, அது சுவரில் ஆடாமல் நிற்கிறதா என்று உங்கள் எடையைப் போட்டு இழுத்தே பாருங்கள். ஏற்கெனவே விழுந்தவருக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. கட்டிலில் படுத்தபடியே எட்டும் தூரத்தில் அழைப்பு மணி இருக்கிறதா என்று பார்த்து, அதை ஒருமுறை அடித்து, யார், எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்று காத்திருங்கள். படுக்கையில் இருப்பவர்களை எத்தனை மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேட்டால், இரண்டு மணி நேரம் என்று உடனே பதில் வர வேண்டும். படுக்கைப்புண் வராமல் தடுக்க அதுதான் நடைமுறை. பினாயில் வாசனை தூக்கலாக அடிக்கும் இடத்தில் அதற்கு அடியில் என்ன நாற்றம் என்றும் கவனியுங்கள். சமூக நலத் துறையில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். மருத்துவமனையில் 15 நாள் இருந்தால் அந்த நாள்களுக்கும் கட்டணம் உண்டா? ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்த்துவார்கள்? முன்பணம் கொடுத்தால் வெளியேறிய பிறகோ இறப்புக்குப் பிறகோ எத்தனை நாளில், யாரிடம் திருப்பித் தருவார்கள்? வாய்மொழியாக, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார் என்பவரிடம் 3 லட்சத்தைக் கொடுக்க வேண்டாம்.

உறவினரின் யோசனையை ஏற்க வேண்டாம் என்றே சொல்வேன். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நிபந்தனையோடுதான் சொத்து மாறியது என்று நிறுவ வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வாக்கர் பிடித்து நடப்பவர் அதற்காகக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறும் நிலை ஏன் வர வேண்டும்? மனம் இருந்தால், பத்திரம் இல்லாமலே அந்த உறவினர் மாதம் ஐயாயிரம் தரலாமே!

வீடு யாருக்கு என்பதை அத்தை உயிலாக எழுதட்டும். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, குழந்தை இல்லாத விதவை உயில் எழுதாமல் காலமானால், பெற்றோர் வழி வந்த சொத்து நீங்கலாக மற்றவை கணவரின் வாரிசுகளுக்கே போகும், உங்களுக்கு வராது. உங்கள் பெயரில் எழுதச் சொல்லுங்கள் என்று நான் கூறவில்லை, முடிவு அவருடையது. பவர் பத்திரத்தை மட்டும் நம்பியிராதீர்கள்; அவருக்கு நினைவு தடுமாறிவிட்டால் அது செல்லாது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து இல்லத்தின் கணக்குக்கு மாதந்தோறும் பணம் போக, வங்கியில் இப்போதே அவர் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள்.

ஆகவே, படுக்கைநிலைக் கட்டணம் 27,000 ரூபாய்க்குள் இருந்து, மேற்சொன்னவை சரியாக இருந்தால், நாகமலைப் புதுக்கோட்டை இல்லத்தையே தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு மாதம் மட்டும் தங்கிப் பார்க்கலாம் என்று அத்தையிடம் கேளுங்கள். மாத முடிவில் அவர் வேண்டாம் என்றால், அதே பணத்தில் வீட்டோடு தங்கும் உதவியாளர் கிடைப்பாரா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: என் தாயாரை உசிலம்பட்டி அருகே ஓர் இல்லத்தில் வைத்திருக்கிறோம். மாதம் 9,000 ரூபாயை மகளாகிய நான் மட்டுமே கட்டுகிறேன். வசதியுள்ள இரு சகோதரர்களும் தர மறுக்கிறார்கள். வழக்குப் போட வேண்டுமா? – வாசகி, உசிலம்பட்டி

பதில்: வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே 2007 சட்டத்தின்கீழ், உங்கள் தாயார் உசிலம்பட்டி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வர இயலாவிட்டால் அவர் அதிகாரம் அளித்தவர் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்க முடியும். உத்தரவை மீறினால் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, 30 நாள் வரை நீட்டிக்கலாம். இல்லத்தின் ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், சகோதரர்களின் முகவரி, வேலை விவரம் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். மேலும் விவரங்களை முதியோர் உதவி எண் 14567இல் கேட்டுக்கொள்ளலாம்.