மூன்று அப்கிரேடையும் கவசத்துக்கே கொடுங்கள்

கேள்வி: கம்பம்மெட்டுக்கு மேலே, வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் இரவு வேலை பார்க்கிறேன். காய் காயும் வரை விழித்திருக்க வேண்டும். சிக்னல் வரும், போகும். நெட் இல்லாமலே ஓடும் என்று நண்பர் ஒருவர், தளம் தளமாகப் பாதாளத்தில் இறங்கும் ‘ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன்’ விளையாட்டை ஏற்றித் தந்தார். ஒரு மாதம் ஆகிறது, நாலாவது தளத்தைத் தாண்டியதில்லை. பொறியை மிதித்துச் சாகிறேன், இல்லையென்றால் நண்டு கொன்றுவிடுகிறது. பொருளைப் பலப்படுத்தும் சுருளான அப்கிரேட் ஸ்க்ரோலை எதில் போடுவது? காசு கட்டினால்தான் இன்னும் கீழே போக முடியுமா?

பதில்: காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு பைசா வேண்டாம். ஆண்ட்ராய்டில் இது முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. 2012-ல் வந்த ‘பிக்சல் டஞ்சன்’ விளையாட்டின் மூலநிரலை அதை எழுதியவர் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதை எடுத்து 2014-லிருந்து எவான் டெபன்ஹாம் என்பவர் வளர்த்து வருவதுதான் ஷேட்டர்டு. விருப்பப்பட்டால் அவருக்கு நன்கொடை தரலாம். தந்தாலும் உங்கள் வாள் கூர்மையாகாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: நண்பர் ஏற்றித் தந்தது பிளே ஸ்டோரிலிருந்தா, வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பா (செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு)? கோப்பு என்றால் அழித்துவிட்டு ஸ்டோரிலிருந்து போடுங்கள். கம்பத்தில் போன் சரிசெய்கிற கடை வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன், ‘எல்லாம் அன்லாக்’ என்று சுற்றும் கோப்புகளை ஏற்றிவிட்டு வந்து நிற்கும் போன்களை வாரா வாரம் பார்க்கிறேன்.

இனி விளையாட்டு. இதில் நீங்கள் ஓர் அடி வைத்தால்தான் எதிரியும் ஓர் அடி வைப்பான். நீங்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய் அரை மணி கழித்து வந்தாலும் நண்டு அதே கட்டத்தில்தான் நிற்கும். அதனால் விரல் வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை. என் கடைக்கு வந்து இதை விளையாடிக் காட்டும் பையன்கள் பெரும்பாலும் சாவது, திரையின் மறுமூலையைத் தொட்டு ஆளை ஒரே ஓட்டமாக ஓடவிட்டு, நடுவில் உயிர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதால்தான்.

அப்கிரேடைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஐந்து தளம் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதியிலும் மூன்று அப்கிரேட் ஸ்க்ரோலும் இரண்டு பலம் கூட்டும் மருந்தும் எங்காவது நிச்சயம் இருக்கும். தளத்தை முழுக்கத் தேடாமல் படியிறங்கினால் இவற்றைத்தான் விட்டுவிட்டுப் போகிறீர்கள். கிடைத்ததை வாளுக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று என்று பங்குபோடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். எல்லாம் ஒரே பொருளுக்குப் போக வேண்டும். புதிதாக விளையாடுகிறவருக்கு அது கவசமாக இருக்கட்டும் என்பது என் முடிவு. வாள் பலமானால் சண்டை சீக்கிரம் முடியும், உண்மைதான். கவசம் பலமானால் நீங்கள் செய்யும் தப்பெல்லாம் மன்னிக்கப்படும். இப்போது உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவதுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். போர்வீரனாக விளையாடினால் உங்கள் பலம் தொடக்கத்தில் 10. மூன்றாவது தளத்தில் ஒரு சங்கிலிக் கவசம் கிடைக்கிறது என்று வையுங்கள். அதற்கு 14 பலம் வேண்டும். அப்படியே போட்டால் நடை தளரும், அடியிலிருந்து விலகுவதும் குறையும். பையன்கள் இந்த இடத்தில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு பலம் மருந்து குடித்தால் உங்கள் பலம் 12. மூன்று அப்கிரேடையும் அந்தக் கவசத்தில் போட்டால் அது கேட்கும் பலம் இரண்டு குறைந்து அதுவும் 12. ஐந்தாவது தளத்துக்குள் கவசம் உங்கள் உடம்புக்குத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிடும். சங்கிலிக் கவசம் கிடைக்காமல் தோல் கவசம்தான் கிடைத்தது என்றாலும் இதே வழிதான். அதற்கு 12 போதும்.

எந்த ஸ்க்ரோல் அப்கிரேட் என்று முதலில் தெரியாது. அடையாளம் தெரியாதவற்றில் ஒரே குறி உள்ளது இரண்டு மூன்று சேர்ந்தால், அநேகமாக அதுதான். எதிரி யாரும் இல்லாத இடத்தில், நல்ல கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். தெரியாத மருந்தைக் குடிப்பதென்றால் தண்ணீர் ஓரத்தில், பக்கத்தில் கதவும் இருக்கும்படி நின்று குடியுங்கள். தீ மருந்தாக இருந்தால் தண்ணீருக்குள் இறங்கினால் அணையும். விஷப்புகையாக இருந்தால் கதவுக்கு அப்பால் போய்விட்டால் கதவு சாத்திக்கொள்ளும், புகை அந்தப் பக்கமே நிற்கும்.

சரி, பொறி. விடிகாலையில் ஏலச் செடிக்குள் இறங்குகிறவர்கள் கம்பால் தட்டிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பு இங்கே பூதக்கண்ணாடிப் பொத்தான். ஒரு தடவை தொட்டு, பிறகு தரையில் தெரியும் பொறியைத் தொட்டால் அது என்ன பொறி என்று சொல்லும். இரண்டு தடவை தொட்டால் சுற்றிலும் மறைந்திருப்பதைத் தேடும். தேடுவதற்கு நேரமும் பசியும் செலவாகும் என்பதால் அடிக்கு ஒரு தடவை தட்ட வேண்டாம். பாதை காரணமில்லாமல் முட்டி நிற்கும் இடத்திலும், சந்தேகம் வரும் இடத்திலும் போதும். கண்ணுக்குத் தெரிந்த பொறியை உங்கள் ஆள் தானாகவே சுற்றிப் போவான்.

தெரிந்த பொறி உங்கள் கையில் இருக்கும் ஆயுதமும்தான். வேண்டாத பொருள் ஒன்றை அதன் மேல் எறிந்தால் வெடித்துவிடும். எதிரி பக்கத்தில் வரும்வரை காத்திருந்து எறியுங்கள். விஷப்புகைப் பொறியைக் கதவுக்கு வெளியே நின்று இப்படி இயக்கி, ஓர் அறையையே காலி செய்திருக்கிறேன். தரை முழுக்கப் பொறியும் எதிர்ச்சுவரில் பரிசும் வைத்த அறை வந்தால் உயிரைக் கொடுத்துத் தாண்டாதீர்கள். அதைக் கடக்க மிதக்கும் மருந்து அதே தளத்தில் எங்கோ வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தளத்தில் கிடைத்த தெரியாத மருந்தை அவசரப்பட்டுக் குடித்துவிட்டால் பரிசு போனது போனதுதான்.

நண்டு உங்களைவிட இரண்டு மடங்கு வேகம், ஓடிப் பயனில்லை. தூரத்தில் தெரியும்போதே கற்களை எறிந்துவிட்டு நின்று அடியுங்கள். மற்றவற்றுக்குக் கதவுதான் துணை. கதவைத் தாண்டி அதை ஒட்டி நில்லுங்கள். துரத்தி வருவது கதவைத் திறந்து கால் வைக்கும் நொடியில் அடித்தால் அந்த அடி தவறாது. பாம்பு சுலபமாக விலகிவிடும் என்று அலுத்திருப்பீர்கள். அதற்கும் இதுதான் மருந்து.

அடிபட்ட பிறகு ஓய்வெடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நீங்கள் ஓர் அடி வைப்பதோ ஒரு தடவை சும்மா நிற்பதோ ஒரு முறை. சுமார் பத்து முறைக்கு ஓர் உயிர்ப்புள்ளி ஊறும். சாப்பிட்டதிலிருந்து 300 முறையில் பசி தொடங்கும், 450-ல் பட்டினி. பட்டினியில் ஊறுவது நின்று, இருப்பதும் கரையும். 20 புள்ளியையும் தூங்கியே நிரப்பினால் 200 முறை போகும், ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதிக்கு மேல். கதவடியில் வாங்காமல் தப்பிக்கும் ஒவ்வோர் அடியும் உங்கள் சோற்றை மிச்சப்படுத்துகிறது.

இப்படிப் போனால் ஐந்தாவது தளத்தில் ‘கூ’ (Goo) என்ற கொழகொழப்பான பெரிய எதிரி நிற்கும். அதற்கு உயிர் 100. தண்ணீரில் நின்றால் காயம் ஆறும், அதனால் தரைக்கு இழுத்து வந்து அடியுங்கள். அது உடம்பை ஊதிப் பெருக்கத் தொடங்கினால் அப்போது அடிக்க ஆசைப்படாமல் அங்கிருந்து விலகித் தூண் மறைவுக்குப் போங்கள். அந்த அடி காற்றில் போனதும் திரும்பி வாருங்கள்.